பிரம்பை எடுத்து வைத்துவிட்டோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பெருநாள் விடுமுறை முடிந்து ஷவ்வால் மாதத்தில் நம் மக்தப் (பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் பள்ளி) மீண்டும் தொடங்குகிறது. பிள்ளைகளைச் சேர்க்க வந்த வாப்பாமார் சிலர் இந்த ஆண்டும், "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க ஹஸ்ரத், ஓத வந்தாப் போதும்" என்றார்கள். எங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் சொல்கிறீர்கள். ஆனாலும் இனி இங்கே எந்த உஸ்தாதும் (ஆசிரியரும்) பிரம்பைத் தொடமாட்டார்.

நபித்தோழர் முஆவியா பின் ஹகம் (ரலி) தொழுகையில் நிற்கும்போது ஒருவர் தும்மினார். இவர் சத்தமாக "யர்ஹமுகல்லாஹ்" (அல்லாஹ் உமக்கு அருள் புரியட்டும்) என்றுவிட்டார். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள், தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்பதை மட்டும் விளக்கினார்கள். "அவர்களைவிட அழகாகக் கற்றுக்கொடுப்பவரை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. என்னைக் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை" என்கிறார் முஆவியா (ரலி). ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ள செய்தி இது. உஸ்தாதின் கடமை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

"பத்து வயதில் அடிக்கச் சொல்லி ஹதீஸ் இருக்கிறதே" என்பீர்கள். அது தொழுகையைப் பற்றியது. ஏழு வயதில் ஏவத் தொடங்கி மூன்று வருடம் பொறுத்த பிறகு வருவது. அலிஃப், பே என்று அரபு எழுத்து படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எடுத்துப் போடலாமா?

நான் ஓதிய காலத்தில் குர்ஆனின் முதல் அத்தியாயத்தில், அல்ஹம்து என்ற சொல்லில் வரும் 'ஹா'வும் இஹ்தினா என்ற சொல்லில் வரும் 'ஹே'யும் எனக்குக் குழம்பும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ஹ'தானே! தப்பும்போதெல்லாம் புறங்கையில் அடி விழும். சத்தம் கேட்டால்தானே தப்பு தெரியும் என்று வாய்க்குள் முணுமுணுக்கப் பழகினேன். அந்தப் பழக்கம் போக வருடக்கணக்கானது.

நோன்புக்கு முன் ஒரு சிறுமி அதே இடத்தில் தடுமாறினாள். உஸ்தாத் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, ஆவி படிய ஊதச் சொன்னார். "இது ஹே, அடித்தொண்டை. இப்போ கொஞ்சம் மேலே, நடுத்தொண்டையில் உரசி வரட்டும்." நாலைந்து தடவையில் 'ஹா' வந்துவிட்டது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவளுக்கு மனமில்லை.

மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் ஆசிரியரின் கடமைகளை எழுதும்போது, மாணவரைப் பெற்ற பிள்ளையாகக் கருதி இரங்குவதை முதலில் வைக்கிறார்கள். குறையை நாலு பேர் முன் உடைத்துப் பேசாமல் ஜாடையாகத் திருத்தச் சொல்கிறார்கள். எங்கள் உஸ்தாத்மாரிடம் நான் கேட்பதும் அதுவே. கூடவே, பாடத்தைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வர வேண்டும், வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு கூடாது, பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பக் கூடாது. இவற்றில் குறை கண்டால் தயங்காமல் என்னிடம் வாருங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இஷா (இரவுத்) தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம் போனை வைத்துவிட்டு, பிள்ளை அன்றைய பாடத்தை ஓதக் கேளுங்கள். ஓதத் தெரியாத உம்மாவும் பக்கத்தில் உட்காரலாம். பிள்ளை சொல்லிக்கொடுக்கும்.

வஸ்ஸலாம்,
தலைமையாசிரியர்