அந்தத் தாய்க்கு நீங்கள் சொன்ன பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குடும்ப ஆலோசனைப் பகுதியில் ஒரு தாய் கேட்டிருந்தார். மூத்த மகன் வேறு மதத்துக்கு மாறிவிட்டான், இளையவன் பிறந்த மதத்திலேயே இருக்கிறான், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நான் என்ன செய்யட்டும் என்று. உங்கள் ஆலோசகர் அரைப் பக்கத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி: "ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொரு கடவுளைத் தேடிப் போனால், வேர் சரியாக ஊன்றவில்லை என்றுதான் பொருள்."

அந்த வரியோடு இதழை மூடி வைத்தேன். மிச்சத்தைப் படிக்க இரண்டு நாள் ஆனது. இருபத்தைந்து வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன், என் அம்மாவும் வாங்கிப் படித்தவர், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 63. நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள். பிறந்த மதத்திலேயே இருக்கிறேன், தினமும் காலையில் வேண்டிக்கொள்ளாமல் என் நாள் தொடங்காது. தம்பி 27 வயதில் வேறு மதத்துக்கு மாறினான். தங்கைக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. எந்த மதத்திலிருந்து எந்த மதத்துக்கு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் உடனே கட்சி பிரிந்து நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி.

உங்கள் ஆலோசகர் எழுதிய அதே வரியை என் அம்மா 25 வருடம் காதால் கேட்டார். "உன் வளர்ப்பு சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. "மூத்தவ நல்லா இருக்காளே, இவன் மட்டும் ஏன் இப்படி?" என்று அனுதாபம் போல் கேட்டவர்கள் அதைவிட அதிகம். அம்மா யாருக்கும் பதில் சொன்னதில்லை. ராத்திரியில் என்னிடம் கேட்பார், "நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று. ஒருநாள் அவரே பதிலும் சொன்னார். "மூணு பேருக்கும் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் கொடுத்தேன். அதனாலதான் அவன் மறைக்காம என் எதிர்ல வந்து உட்கார்ந்து சொன்னான். மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் எதை வேண்டுமானாலும் எடுங்கள், இதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை எடுத்தீர்கள். அப்போது ஒரு கட்டுரையின் தலைப்பில் "மதம் தாவியவர்கள்" என்று போட்டிருந்தீர்கள். தாவுவது என்றால் என்ன? பதவிக்காகக் கட்சி மாறுகிறவர்களுக்கு வைத்த சொல் அது. என் தம்பி இரண்டு வருடம் தூங்காமல் யோசித்து எடுத்த முடிவு அது. அதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்தில் நான்கு வரிகளைப் பிரசுரித்தீர்கள், அதற்கு நன்றி சொல்லியாக வேண்டும். ஆனால் "என் தம்பியும் அவர்களில் ஒருவன்" என்ற வரியை எடுத்துவிட்டீர்கள். மிஞ்சியது யாரோ பொதுவாகச் சொன்ன அபிப்பிராயம் போல் ஆகிவிட்டது. அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். "அந்த வரி எங்கே?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

வீடுகளிலும் இப்படித்தான் பேசுகிறோம். "அவன் போயிட்டான்" என்போம். செத்துப் போனவர்களுக்கும் அதே சொல்தான். உயிரோடு இருப்பவனை, மாதம் தவறாமல் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவனை, "போயிட்டான்" என்று என் எதிரிலேயே சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவனுடைய திருமணத்துக்கு நான் போகவில்லை. எட்டு வருடம் பேசவில்லை. என் நம்பிக்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, ஆலோசகரின் உதாரணத்துக்கு வருகிறேன். திலகவதியாரைப் போல் விடாமல் வேண்டிக்கொள்ளுங்கள், மகன் திரும்பி வருவான் என்று எழுதியிருக்கிறார். நாம் எல்லாரும் பள்ளியில் படித்த கதைதான். அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அப்பா அம்மா இரண்டு பேரும் போய், மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்தபின், திலகவதியார் உயிரை விடத் துணிகிறார். தம்பி மருள்நீக்கியார், பின்னாளில் திருநாவுக்கரசர் ஆனவர், காலில் விழுந்து தடுக்கிறார். அவனுக்காகவே அக்கா உயிரோடு இருக்கிறார். "தம்பியார் உளராக வேண்டும்" என்று அந்த இடத்தில் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதுகிறார். தம்பி உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சமயத்தில் இருக்க வேண்டும் என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை. பிறகுதான் தம்பி சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்ற பெயர் பெறுகிறார்.

அக்காவுக்கு வருத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தம்பி மீண்டு வர வேண்டும் என்று அவர் இறைவனிடம் வேண்டினார். தம்பிக்குச் சூலை நோய் வந்து, சமையற்காரரை அனுப்பி அழைத்தபோது, சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பியின் திருமணத்துக்குப் போகாத எனக்கு அந்த இடம் நன்றாகவே புரிகிறது. ஆனால் தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. தூக்கி நிறுத்தினார். முக்கியமாக ஒன்று கேட்கிறேன். தாய் தந்தைக்குப் பின் தம்பிக்கு ஆதரவாக இருந்தது திலகவதியார்தானே? தம்பி சமணத்துக்குப் போனதால் அக்காவின் வளர்ப்பில் குறை என்று இத்தனை நூற்றாண்டில் யாராவது சொன்னதுண்டா? அப்புறம் எங்கள் அம்மாக்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

இதெல்லாம் கைப்பேசி வந்தபின் வந்த கோளாறு என்றும் அதே பதிலில் இருக்கிறது. சேரன் செங்குட்டுவனின் தம்பி என்று மரபு சொல்லும் இளங்கோவடிகள் துறவியானபோது எந்தக் கைப்பேசி இருந்தது? இங்கிலாந்தில் நியூமன் என்று மூன்று சகோதரர்கள், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஒரே ஆங்கிலிக்கன் வீட்டில் வளர்ந்தவர்கள். மூத்தவர் ஜான் ஹென்றி 1845-இல் கத்தோலிக்கரானார், 1879-இல் அந்தச் சபையின் உயர்ந்த பதவிகளில் ஒன்றான கர்தினால் ஆனார். அடுத்தவர் சார்லஸ் கிறிஸ்தவத்தையே விட்டுவிட்டார். கடைசித் தம்பி பிரான்சிஸ் சபையின் கோட்பாடுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, அப்படிக் கைவிட்டதை 1850-இல் ஒரு நூலாகவே எழுதினார். அண்ணன் 1890-இல் இறந்தார். மறு வருடமே, அவருடைய இளமைக்காலத்தைப் பற்றித் தம்பி கசப்போடு ஒரு நூலை வெளியிட்டார். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் ஆறவில்லை. எனக்குப் பயம் இதில்தான். மதம் மாறியதைவிட, மாறியபின் ஒருவரை ஒருவர் பேசுகிற பேச்சுதான் ஆறாமல் நிற்கிறது.

இன்னொரு வீட்டைப் பற்றியும் தம்பிதான் எனக்குச் சொன்னான். ஜெர்மனியில் பிறந்த எடித் ஸ்டைன், யூதக் குடும்பத்தின் கடைசிப் பெண். 1922-இல் கத்தோலிக்கரானார். அம்மாவுக்குப் பெரிய அடி. அதன் பிறகும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மாவோடு யூதர்களின் தொழுகைக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அக்கா ரோசாவுக்கும் மதம் மாற மனமிருந்தது. அம்மாவை நோகடிக்க வேண்டாம் என்று காத்திருந்து, 1936-இல் அம்மா இறந்தபின் திருமுழுக்குப் பெற்றார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அக்கா தங்கை இரண்டு பேரையும் ஒன்றாகவே பிடித்துப்போய் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொன்றார்கள். மதம் மாறியது அவர்களைக் காப்பாற்றவில்லை, யூத வீட்டில் பிறந்தவர்கள் என்றே கொன்றார்கள்.

அம்மாவோடு போய் உட்கார்ந்த மகளை என்னால் நம்ப முடிகிறது, ஏனென்றால் என் தம்பியை நான் பார்த்தேன். அம்மாவுக்குக் கடைசி மூன்று மாதம் கண் சரியாகத் தெரியவில்லை. ராத்திரியில் அவனும் தங்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தினமும் சொல்லும் பிரார்த்தனையை, அம்மாவின் பழைய புத்தகத்தைப் பிரித்து, ஒரு எழுத்துப் பிசகாமல் அவன்தான் வாசித்துக் காட்டினான். சின்ன வயதில் அம்மா சொல்லிக் கொடுத்த அதே ராகத்தில். அம்மா தூங்கியதும் வெளியே நடைபாதைக்குப் போய்த் தன்னுடைய பிரார்த்தனையைச் செய்துவிட்டு வருவான். வேர் ஊன்றவில்லையா, ஐயா?

அம்மா இறந்த அன்று, சடங்கு தொடங்கும்போது சொந்தத்தில் ஒரு பெரியவர் தம்பியை வெளியே நிற்கச் சொன்னார். கடவுளே இல்லை என்று சொல்லும் என் தங்கை உள்ளே நின்றாள், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மதம் மாறவில்லையாம். மூன்று மாதம் அம்மாவின் பிரார்த்தனையை வாசித்தவன் வாசலில் நின்றான். தங்கைதான் அழுதுகொண்டே, "அவனும் உள்ளே வரட்டும்" என்றாள். நான் மூத்தவள், என் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பு உண்டு. வாயைத் திறக்காமல் நின்றேன். ஆறு வருடம் ஆகிறது. தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இப்போது இதை எழுதுகிறேன், அவனும் உங்கள் இதழைப் படிப்பவன்தான்.

மதத்தை மாற்றிக்கொள்வது ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவே சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டிலும் யாரும் அவன் உரிமையைத் தடுக்கவில்லை. வாசலில் நிற்க வைத்தோம், அதுதான் நடந்தது. அப்படி நிற்க வைக்கிறவர்கள் பேசும் பேச்சு எல்லாம் உங்கள் ஆலோசகர் எழுதியது போன்ற வரிகளிலிருந்துதான் வருகிறது. படித்தவர் எழுதிவிட்டார், பத்திரிகையிலேயே வந்துவிட்டது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். கேள்வி கேட்ட தாய்க்கு இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பேச வழி கேட்டார், நீங்கள் அவர் வளர்ப்புக்கு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டீர்கள்.

நான் மறுப்பு எதுவும் போடச் சொல்லவில்லை. ஆலோசகரை மாற்றுங்கள் என்றும் கேட்கவில்லை, அவர் எழுதிய வேறு பதில்கள் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. "தாவியவர்" என்ற சொல்லை இனி விட்டுவிடுங்கள், "மாறியவர்" என்றாலே எல்லாருக்கும் புரியும். அப்புறம், கேள்வி அனுப்பிய அந்தத் தாயின் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கும். இதைப் பிரசுரிக்க இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நகல் எடுத்து அவருக்கு அனுப்பி வையுங்கள். தபால் தலை ஒட்டிய உறை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி