ராணுவப் பயிற்சிக்கு ஆடு வேண்டாம்

ஐயா,

போர்க்காயத்தில் ரத்தத்தை நிறுத்தப் பழக, மயக்க மருந்து கொடுத்த ஆட்டையும் பன்றியையும் வெட்டுவது சில ராணுவங்களில் வழக்கம். ரத்தத்தை நிறுத்த, திருகுவதற்குக் குச்சி பொருத்திய பட்டையால் காலை இறுக்கிக் கட்டுவார்கள். ஆட்டின் கால் ஒல்லி. மனிதத் தொடைக்கு வேண்டிய இறுக்கம் அதில் கைக்குப் பிடிபடாது. காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, பட்டையைத் தொய்வில்லாமல் இழுத்த பிறகே குச்சியைத் திருக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: பட்டை தொய்ந்திருந்தால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ரத்தம் நிற்காது. ரத்தம் பீய்ச்சும் செயற்கைத் தொடையில், பிடி சரியாகும்வரை கட்டிக் கட்டிப் பார்க்கலாம். நேட்டோ ராணுவக் கூட்டணியில் அப்போதிருந்த 28 நாடுகளில் 22 விலங்கின்றியே பயிற்றுவிப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு சொன்னது. செயற்கை மாதிரிகள் போதுமென்றால் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது நம் 1960 பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. நம் ராணுவத்தில் எந்த முறை என்று குமரித் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர்கள் சிலர், மார்த்தாண்டம்