பின் ரேக்கும் எட்டு கிலோ கணக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீராம்புரம் பட்டறையிலிருந்து எழுதுகிறோம். எங்களிடம் பைக்கின் பின்னால் மூட்டை வைக்கும் பின் ரேக் செய்து வாங்கியவர்களுக்கும், ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் சீசனுக்கு லடாக், ஸ்பீதி என்று கிளம்புகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

"அண்ணா, ரேக் எத்தனை கிலோ தாங்கும்?" பட்டறைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எட்டு கிலோ என்றால் முகம் வாடிவிடுகிறது. "இவ்வளவு கெட்டியா இருக்கே, ஏறி நின்னாக்கூடத் தாங்கும் போலிருக்கே!" என்கிறார்கள். உண்மைதான். ஜிக்கில் (வேலை செய்யும்போது ரேக்கை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டம்) பூட்டிய ரேக் மேல் நானே ஏறி நின்று பார்த்திருக்கிறேன், அசையவில்லை. ஆனால் எங்கள் ஜிக் 10 எம்.எம். இரும்புத் தகடு. உங்கள் வண்டியின் வால் அப்படி இல்லை. சீட்டுக்கு அடியில் போகிற அந்தப் பின் ஃபிரேம், பின்னால் உட்காருபவரையும் சின்னதாக ஒரு பையையும் மனதில் வைத்துச் செய்த மெல்லிய குழாய். சில வண்டிகளில் அதை போல்ட் கழற்றி மாற்றலாம். சிலவற்றில் மெயின் ஃபிரேமோடு ஒன்றாக வெல்டிங் ஆகியிருக்கும். அங்கே விரிசல் விட்டால் சேசிஸ் நம்பர் உள்ள ஃபிரேமிலேயே கை வைக்க வேண்டி வரும். ரேக் உடைந்தால் ஒரு வாரத்தில் வேறு செய்து கொடுத்துவிடுவோம். ஃபிரேமுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நிற்கிற வண்டியில் எட்டு கிலோ எட்டு கிலோதான். ஓடுகிற வண்டியில் அப்படி இல்லை. ஒரு பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கி ஏறும்போது அதே எட்டு கிலோ இருபது, இருபத்துநாலு கிலோவாக ரேக்கை அடிக்கும். நம் ஊர் சாலையில் ஒரு நாளில் எத்தனை பள்ளம் என்று உங்களுக்கே தெரியும். இரும்பு ஒரே அடியில் உடைவது அபூர்வம். லட்சம் முறை கொஞ்சம் கொஞ்சமாக ஆடித்தான் உடையும். இன்னொன்று, சுமை பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு முன் சக்கரம் லேசாகிவிடும். இரண்டு அச்சுக்கும் இடையே 1450 எம்.எம். உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 300 எம்.எம். பின்னால் 10 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் 12 கிலோ ஏறும், முன் சக்கரத்தில் இரண்டு கிலோ குறையும். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஹேண்டில் மிதப்பது போலத் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் ஸ்பீதி போய் வந்த வாடிக்கையாளர் ஒருவர் வண்டியை நேராக இங்கே கொண்டு வந்தார். ரேக்கை வண்டியோடு பிணைக்கும் இடது பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் விட்டு, பாதித் தகடு வரை ஓடியிருந்தது. மிச்சப் பாதியை நம்பி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். ரேக்கின் கடைசி முனையில் 10 லிட்டர் பெட்ரோல் கேன், அதன் மேல் டென்ட். பெட்ரோல் மட்டுமே ஏழரை கிலோ ஆகும், கேன் எடை தனி. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டோம். எட்டு கிலோ என்று வாயால் சொன்னோமே தவிர ரேக்கில் எங்கேயும் எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு ரேக்கின் தகட்டிலும் பஞ்ச் வைத்து அந்த எண்ணை அடித்துத்தான் தருகிறோம்.

கழற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டது எடையை விடப் பெரிய விஷயம். பிராக்கெட் 3 எம்.எம். தகடு. வெல்டிங் போய் முடிகிற இடம் சரியாகத் தகட்டின் ஓரத்திலேயே இருந்தது. வெல்டிங் முடியும் ஓரம் எப்போதுமே பலவீனமான இடம், சூட்டில் இரும்பின் குணம் மாறுவதும் அங்கேதான். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. அப்புறம், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கிராப் ஹேண்டிலுக்கும் ரேக்குக்கும் நடுவிலிருந்த இடைவெளியை நாலு வாஷரை அடுக்கி நிரப்பியிருந்தோம். போதாததற்கு போல்ட் உட்காரும் முகத்திலும் பவுடர் கோட்டிங் அடித்திருந்தோம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் பிளாஸ்டிக். போல்ட்டின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி ஒதுங்கிவிடும். அது ஒதுங்கியதும் டைட் போய்விடும், டைட் போனால் ரேக் ஆடும், ஆடினால் விரிசல். நட்டு கழன்று விழவே வேண்டாம், கால் சுற்று தளர்ந்தாலே போதும். அவருடைய ரேக்கில் போல்ட்டைக் கையால் சுற்ற முடிந்தது. அதைப் பார்த்து எங்கள் வெல்டர் அண்ணன் வெகுநேரம் பேசவே இல்லை.

அதனால் வேலை முறையை மாற்றினோம். பிராக்கெட் இப்போது 5 எம்.எம். தகடு, பீன்யா தொழிற்பேட்டையில் லேசரில் வெட்டி வாங்குகிறோம். மூலைகளை உருட்டிவிடுகிறோம், வெல்டிங்கை ஓரம் வரை ஓட்டாமல் உள்ளேயே நிறுத்துகிறோம். வாஷர் அடுக்குக்குப் பதில் லேத்தில் கடைந்த ஒரே புஷ் (நடுவில் ஓட்டை உள்ள இரும்பு உருளை). போல்ட் உட்காரும் முகங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் கோட்டிங்குக்கு அனுப்புகிறோம். குழாயின் அடியில் 3 எம்.எம். ஓட்டை ஒன்று இருக்கும். பழுது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள், மழைத் தண்ணீர் வடிவதற்காக நாங்களே போட்டது அது.

சிலர் 12 எம்.எம். கம்பியில் செய்யச் சொல்கிறார்கள். குழாய் உள்ளே காலி, கம்பிதான் கெட்டி என்ற எண்ணம். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு சுமார் 890 கிராம். 2 எம்.எம். சுவர் உள்ள 19 எம்.எம். குழாய் 840 கிராம்தான். ஆனால் வளையாமல் நிற்கிற சக்தி கம்பியைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு விறைப்பு கூடும். மூங்கிலைப் பார்த்தாலே புரியும்.

குழாயோடு குழாய் சேரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் நேரத்தில் பாதி அங்கேதான் போகிறது. ஒரு குழாயின் வாயை மீன் வாய் போலக் குடைந்து மற்றதன் முதுகில் கச்சிதமாக உட்கார வைக்க வேண்டும். அண்ணன் அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், சேர்த்து வைத்து லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார், மறுபடி அரம். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் வெல்டிங் மெஷினை ஆன் செய்யவே மாட்டார். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால் வெளியே மொழு மொழுவென்று இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. டெலிவரி இரண்டு நாள் தள்ளிப்போனால் காரணம் பெரும்பாலும் இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் அடித்துத் தரச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செய்ய மாட்டோம். அந்தக் கரண்ட் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வையும், பிரேக்கைக் கவனிக்கும் ஏ.பி.எஸ். யூனிட்டையும் கெடுத்துவிடலாம்.

அலுமினியம் கேட்பவர்கள் நிறையப் பேர். எடை மூன்றில் ஒரு பங்கு, துருவும் பிடிக்காது, சரி. விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். ஆட்டத்தில் இரும்பை விடச் சீக்கிரம் களைத்துப்போகும், விரிசல் விட்டால் வழியில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கஷ்டம். இரும்பென்றால் சின்ன ஊர் கேட் பட்டறையில்கூட ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். டாப் பாக்ஸ் மாட்டும் மேல் தகடு மட்டும் வேண்டுமானால் அலுமினியத்தில் செய்து தருகிறோம்.

பாக்ஸ் வாங்குகிறவர்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். 2020 மத்திய அரசு விதிப்படி பைக்கில் வைக்கும் பெட்டி 550 எம்.எம். நீளம், 510 அகலம், 500 உயரத்தைத் தாண்டக் கூடாது. நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் மறையவே கூடாது.

மூட்டை கட்டும்போது டூல்ஸ், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் பக்கப் பைகளில், எவ்வளவு கீழேயும் முன்னேயும் வைக்க முடியுமோ அங்கே. ரேக்கில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், பாய். அது போதும்.

பழைய 3 எம்.எம். பிராக்கெட் ரேக் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஈரத்துணியால் பிராக்கெட்டைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புக் கோட்டிங் மேல் மயிரிழை போலக் காவி நிறக் கோடு தெரிந்தால் அது அழுக்கு இல்லை, உள்ளே விட்ட விரிசலிலிருந்து கசிகிற துரு. அந்த ரேக்கில் எதையும் கட்டாதீர்கள். கோடு இல்லாவிட்டாலும் ஒரு முறை கொண்டு வாருங்கள். கோட்டிங்கை எடுத்துவிட்டு, சிவப்பு மை தெளித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்பாக எழும்பிவிடும். சோதனைக்கும் புதிய பிராக்கெட்டுக்கும் காசு வாங்க மாட்டோம். கோட்டிங் திரும்ப அடிக்க நாலு நாள் ஆகும், அதற்கேற்ப வண்டியை விட்டுப் போகிற மாதிரி வாருங்கள்.

புது ரேக் வாங்கியவர்கள் 500 கிலோமீட்டரில் ஒரு முறை எட்டிப் பாருங்கள். எம்8 போல்ட்டுகள் எல்லாம் 8.8 கிரேடு, 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டைட் வைத்து, நட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். கோடு நேராக இருந்தால் ஐந்து நிமிட வேலை. விலகியிருந்தால் ஏன் என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம்.

வரும்போது வெறும் வண்டியாக வராமல், பயணத்துக்குக் கட்டுகிற மூட்டையோடு அப்படியே வாருங்கள். பட்டறை வாசலில் தராசு வைத்திருக்கிறோம். ஞாயிறு மதியம் தவிர எப்போதும் திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் பட்டறை,
ஸ்ரீராம்புரம், பெங்களூரு