மிஷன் வீதி ரெஸ்டோ பார் முதலாளிகளுக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்து ஒரு திறந்த மடல்

மிஷன் வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் ரெஸ்டோ பார், அதாவது உணவகமும் மதுக்கூடமும் சேர்ந்த கடை, நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். நான் உங்கள் வீதிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். திண்ணையும் தாழ்வாரமும் வைத்த பழைய வீடு. மேலே அப்பா காலத்தில் எடுத்த இரண்டு அறை. குடிக்கு எதிராகக் கொடி பிடிக்கிற ஆள் என்று நினைத்து மடலை மூடிவிடாதீர்கள். பாண்டிச்சேரியில் பிறந்துவிட்டு அப்படிப் பேசினால் ஊரே சிரிக்கும். சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் அரசாங்கமே ஏலம் விடுகிற ஊர் இது. எங்கள் தெருவில் சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கிளாஸ் குடிப்பார். அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தால் மணி எட்டு என்று எதிர்வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். நானும் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பீர் குடிப்பவன்தான்.

ஆனாலும் சில ஆண்டுகளாக உங்கள் கடைகளை எனக்குச் சத்தமாக மட்டுமே தெரியும். சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குமேல் எங்கள் சமையலறை அலமாரியில் அடுக்கிவைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். பாட்டு காதில் விழாது. எந்தப் பாட்டு என்றும் தெரியாது. தும், தும் என்று அடிவயிற்றில் விழுகிற அந்த அடி மட்டும் சுவர் வழியாக வரும். எழுபத்தெட்டு வயது அம்மா முதலில் பூனை என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தார். இப்போது அந்த அலமாரியில் தட்டு தட்டாகத் துணி விரித்து அதன்மேல் டம்ளர் அடுக்குகிறார்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று போன மாதம் கிளம்பினேன். கல்லூரியில் என்னோடு படித்த இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். ஈசிஆர் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்த களைப்பு அவர்களுக்கு. முதலில் கடற்கரைச் சாலை. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பதால் நிம்மதியாக நடக்கலாம். அப்புறம் நான் வழக்கமாகப் போகிற பழைய பார். மின்விசிறி, மரத்தடுப்பு, சுண்டல், அவித்த முட்டையில் மிளகுத்தூள். பக்கத்து மேசைக்காரர்கள் வீட்டுமனை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பீரில் முப்பது வருஷக் கதையைப் பேசி முடித்தோம்.

"இதெல்லாம் எங்க ஊர்லயே இருக்குடா, பாண்டி பாண்டிங்கறாங்களே அதைக் காட்டு" என்றான் ஒருவன். ஆகவே ஒன்பதே முக்காலுக்கு உங்களில் ஒருவர் கடைக்கு வந்தோம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. வாசலில் பவுன்சர் தம்பி மணிக்கட்டில் முத்திரை குத்தினார். மொட்டைமாடி, மேலே தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. அதாவது சத்தம் வெளியே போக எந்தத் தடையும் இல்லை. நீல விளக்கு, புகை, டிஜே. உங்கள் இறால் வறுவல் நன்றாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் எதிரே இருந்த நண்பனிடம் "உப்பு கம்மியா?" என்று கேட்கக்கூட எழுந்து போய்க் காதில் கத்தவேண்டியிருந்தது.

அங்கே நான் பார்த்த ஒன்றை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. எங்களுக்குப் பரிமாறிய பையன் மணிப்பூரிலிருந்து வந்தவன், இருபத்திரண்டு வயது இருக்கலாம். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தான். வாயசைவைப் பார்த்துத்தான் ஆர்டர் எடுத்தான். வேலை முடிந்து ரூமுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் 'ங்ங்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் என்று, பாட்டு மாறுகிற அந்த ஐந்து விநாடி இடைவெளியில் சொன்னான். எங்கள் டம்ளர் பிரச்சினை அவனுடையதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பதினொன்றரை மணிக்கு அதே பையன் மேசை மேசையாக வந்தான். "லாஸ்ட் ஆர்டர் சார், ரெண்டு ரெண்டா போட்டுடவா?" என்றான். பக்கத்து மேசையில் ஐந்து பையன்கள், ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். பன்னிரண்டுக்குள் முடிக்கவேண்டுமே, தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தார்கள். பில் வந்தது. கேட்காமலேயே பத்து சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ். அப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். பையனிடம் தனியாகக் கொடுத்தேன். அந்தப் பத்து சதவிகிதத்தில் தன் கைக்கு எதுவும் வருவதில்லை என்றான். இது போகிற போக்கில் சொன்னது, மடல் இதைப் பற்றியதல்ல.

பன்னிரண்டு மணிக்குப் பட்டென்று விளக்கு எரிந்தது, பாட்டு நின்றது, "சார் ப்ளீஸ், சார் ப்ளீஸ்" என்று எல்லோரையும் படியிறக்கினார்கள். நாங்கள் மட்டுமா? வீதியில் இருக்கிற எல்லாக் கடைகளிலிருந்தும் ஒரே நிமிடத்தில் கூட்டம் இறங்கியது. கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது, ஷட்டர் பாதி இறங்கியது. உங்கள் கணக்கில் அன்றைய வியாபாரம் அங்கே முடிந்துவிட்டது. எங்கள் கணக்கில் அப்போதுதான் ஆரம்பம்.

கதவுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆட்டோவுக்கு இங்கே மீட்டர் போடும் வழக்கம் இல்லை, நேரத்துக்குத் தக்க விலை. ஐந்து பையன்களும் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகை ஸ்கூட்டர் மூன்றில் வந்திருந்தார்கள். ஒருவன் சாவியை வண்டியில் நுழைக்க முயன்று மூன்று முறை தவறவிட்டான். குடித்தது ரத்தத்தில் உச்சத்துக்குப் போக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பதினொன்று ஐம்பதுக்கு அவசரமாக விழுங்கியது பன்னிரண்டரைக்கு, அவன் ஸ்கூட்டரில் இருக்கும்போது, வேலை காட்டும். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்குமேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பையனுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் நடந்து வீட்டுக்கு வந்தோம். எங்கள் திண்ணையில் இரண்டு பேர். ஒருவன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவன் முதுகைத் தடவியபடி "சாரி அங்கிள், அஞ்சு நிமிஷம் அங்கிள்" என்றான். நல்ல வீட்டுப் பையன்கள்தான். உள்ளேயிருந்து அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எந்த ஊருப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிடவில்லையாம். ரெஸ்டோ பாரில் 'ரெஸ்டோ' என்று எதற்குப் பெயர் வைத்தார்களோ. மறுநாள் காலை திண்ணையைக் கழுவியதும் அம்மாதான்.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால், பெரிய விஷயத்தையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 ஆகஸ்டில் இதே வீதியில் ஒரு ரெஸ்டோ பாரில், பிறந்தநாள் கொண்டாட வந்த கல்லூரி மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தகராறு ஆகி, ஒரு பையன் குத்திக் கொல்லப்பட்டான். கொஞ்ச நாள் நேரக் கட்டுப்பாடு பற்றியும் உரிமம் பற்றியும் எல்லோரும் பேசினார்கள். அப்புறம் டம்ளர்கள் பழையபடி உரசத் தொடங்கின.

'சுற்றுலா ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும், சட்டப்படி உரிமம் வாங்கித்தானே நடத்துகிறோம்' என்பீர்கள். உரிமம் சரி. ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை வணிகப் பகுதிக்கு 55 டெசிபல், குடியிருப்புக்கு 45. இரவில் ஒலிபெருக்கி வைக்க வேண்டுமென்றால் மூடிய அரங்கத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரை போட்ட மொட்டைமாடி எந்தக் கணக்கில் மூடிய அரங்கம்? திருவிழாவுக்குப் பன்னிரண்டு மணிவரை தளர்வு கொடுக்கலாம், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்குமேல் கூடாது. நீங்கள் அதை இரண்டு மாதத்து வார இறுதியிலேயே முடித்துவிடுகிறீர்கள். அப்புறம், பழைய ஊரைச் சுற்றி வருகிற புல்வார்டு சாலைக்குள் இருப்பது வெறும் வாடகைக் கட்டடங்கள் இல்லை. உங்கள் வீதியில்தான் 1791-இல் கட்டி முடித்த சம்பா கோவில் என்கிற மாதா தேவாலயம் நிற்கிறது, வ.உ.சி. பள்ளி இருக்கிறது, கலவைக் கல்லூரி இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். இந்தப் பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் அந்தப் பக்கத்து வீட்டில் காலண்டர் ஆடும்.

இரவுச் சத்தமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிரெஞ்சு தேசிய தினத்துக்கு முந்தின நாளான ஜூலை 13 ராத்திரி சொல்தாக்கள் விளக்கு ஏந்தி வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்கள். சின்ன வயதில் அதைப் பார்க்கத் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். மாசிமகத்தன்று எந்தச் சாமி எப்போது வந்தது என்று யாரும் மணி பார்க்கமாட்டார்கள். அது நாங்களும் சேர்ந்து போடுகிற சத்தம், முடிகிற நேரமும் எங்களுக்குத் தெரியும்.

கடையை மூடச் சொல்லவில்லை. மூடினால் அந்த மணிப்பூர்ப் பையன் எங்கே போவான். நான் கேட்பது, கதவைச் சாத்துகிற அந்த ஒரு மணி நேரத்தை மாற்றி அமையுங்கள் என்பதுதான். கடைசி ஆர்டரைப் பதினொன்றுக்கு எடுங்கள். அதன்பிறகு மது கிடையாது, ஆனால் மேசை இருக்கட்டும். தோசையோ சோறோ ரசமோ கேட்டால் கிடைக்கட்டும், தண்ணீரைக் கேட்காமலே வையுங்கள். பதினொன்றுக்கே பாட்டைப் பேசுகிற அளவுக்கு இறக்குங்கள், விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆட்கள் தாங்களாகவே இரண்டு பேர், மூன்று பேராகக் கலைவார்கள். பன்னிரண்டு மணிக்கு வீதியில் ஒரே நிமிடத்தில் ஐந்நூறு பேர் இறங்கமாட்டார்கள். கடைசி அரை மணி நேரத்து ரெண்டு ரெண்டு போய்விடும், வாஸ்தவம். அந்த வருமானம் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டில் கொஞ்சம் திரும்பி வரும்.

சத்தத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரோடு லிமிட்டர் என்று ஒரு கருவியைச் சேர்த்து ஒரு அளவு வைத்துவிட்டால், டிஜே எவ்வளவு திருகினாலும் அதற்குமேல் போகாது. முக்கியமாகப் பேஸை, அந்தத் தும் தும் அடியை, குறையுங்கள். சுவரைத் தாண்டி வருவது அதுதான். வழக்கமாக டெசிபல் அளக்கிற முறையில் அது குறைவாகத்தான் காட்டும், அதனால் அதிகாரி மீட்டரோடு வந்தால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். எங்கள் டம்ளர் தப்பிக்காது.

அப்புறம் பவுன்சர்கள். உள்ளே வருகிறவனின் மணிக்கட்டில் முத்திரை குத்த இரண்டு பேர் நிற்கிறார்கள். வெளியே போகிறவனின் கையில் வண்டிச் சாவி இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் நிற்கட்டும். சாவியை வாங்கி டோக்கன் கொடுங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்வான். நீங்கள் எல்லோரும் சேர்ந்து பத்து ஆட்டோக்காரர்களிடம் பேசி ராத்திரிக்கு ஒரு விலை முடிவு செய்து, அதை வாசலில் எழுதி ஒட்டலாம். இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம், நீங்கள் ஒருநாள் மத்தியானம் கூடிப் பேசினால் போதும்.

கடைசியாக ஒரு அழைப்பு. உங்களில் யாராவது ஒருவர், ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இந்த மடலைக் கையில் கொண்டுவருகிற கடைக்காரரிடம் வீட்டை நானே அடையாளம் காட்டுகிறேன். வருகிற அன்று மட்டும் அலமாரித் துணியை எடுத்துவைத்திருப்பேன். அம்மா விழித்துத்தான் இருப்பார், காபி போட்டுத் தருவார். அந்த அலமாரியில் இருக்கிற டம்ளரில்தான்.

இப்படிக்கு,
இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன்,
புதுச்சேரி