கோயமுத்தூர் ஆட்டோ அண்ணனுக்கு நன்றிங்க

லீவுல நானும் வீட்டுக்காரரும் ஈரோட்டுலருந்து பைக்லயே கோயமுத்தூர் சுத்திப் பாக்க வந்தோம், ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள பேய் மழை. லங்கா கார்னர் பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டோ அண்ணன் குறுக்க வந்து "ஏனுங் தம்பி, உள்ள வண்டிய உட்றாதீங்கொ, ரயில் பாலத்தடியில இடுப்பளவு தண்ணி நிக்குது"ன்னு நிறுத்துனாரு. அதோட விடல, "அம்மிணி நனையுது பாருங்க"ன்னு என்னைய ஆட்டோவுல ஏத்திக்கிட்டு இவர பின்னாடியே வரச்சொல்லி உப்பிலிபாளையம் மேம்பாலம் வழியா டவுன் ஹால் வரைக்கும் கூட்டிப்போயி விட்டாரு, 1892-ல கட்டுன அந்த மண்டபத்தையும் கோனியம்மன் கோயிலையும் அவராலதான் பாத்தோம். காசு குடுத்தா வாங்கவே மாட்டேனுட்டாரு! பேர் கேக்கறதுக்குள்ள சவாரி வந்து போயிட்டாரு. அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றிங்க, உங்க குடும்பம் நல்லா இருக்கோணும். தெரிஞ்சவங்க யாராச்சும் இத அவர்கிட்ட காட்டுங்க.