டிஆர்எல் எரிந்தால் பின்விளக்கு எரிவதாக அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை நேரத்தில் நெடுஞ்சாலையில் பல புதிய கார்களுக்கு முன்னால் டிஆர்எல் எனப்படும் பகல்நேர விளக்கின் வெள்ளை வெளிச்சம் பளிச்சிடுகிறது, பின்னால் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஓட்டுபவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். விளக்கு எரிகிறது என்று நம்பித்தான் ஓட்டுகிறார்கள்.

காரணம் மீட்டர். பழைய கார்களில் லைட் சுவிட்சைத் திருப்பினால்தான் மீட்டரில் வெளிச்சம் வரும். மறந்தால் உடனே தெரிந்துவிடும். இன்றைய டிஜிட்டல் மீட்டர் கார் ஸ்டார்ட் ஆனதுமே ஒளிர்கிறது. டிஆர்எல்லும் கூடவே எரிகிறது. அது எதிரே வருபவர் நம்மைப் பார்ப்பதற்கான விளக்கு. பெரும்பாலான கார்களில் டெயில் லைட்டுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் பிரேக் மிதிக்கும்வரை எதுவும் தெரியாது.

"லைட் சுவிட்சை, இருட்டினால் தானே எரியும் 'ஆட்டோ' நிலையில்தான் வைத்திருக்கிறேன்" என்பவர்களும் கவனிக்க வேண்டும். கண்ணாடி ஓரத்திலோ டேஷ்போர்டிலோ உள்ள சென்சார் வெளிச்சத்தை மட்டுமே அளக்கிறது. ஐ.நா. விதி 48-இன்படி வெளிச்சம் 1000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) கீழே போனால் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும். 1000 முதல் 7000 வரை கம்பெனியின் விருப்பம். ஊட்டி மலைப்பாதையில் பகல் பத்து மணிப் பனிமூட்டம் வெளுப்பாக இருக்கும். ஐம்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டாலும் சென்சாருக்கு அது நல்ல பகல்தான். வைப்பர் ஓடினால் ஹெட்லைட்டும் எரியும் வசதி சில கார்களில் மட்டுமே உண்டு.

ஆகவே மழையிலும் பனியிலும் கையால் திருப்புங்கள். லைட் சுவிட்சில் பொதுவாக முதல் திருப்பு பார்க்கிங் லைட், அதிலேயே டெயில் லைட் எரிந்துவிடும். இரண்டாவது லோ பீம், அதாவது தாழ்வாக அடிக்கும் ஹெட்லைட். மழைக்கு இரண்டாவதுதான் சரி. மீட்டரில் பச்சை விளக்குச் சின்னம் வந்ததா என்று பாருங்கள். அப்போது டிஆர்எல் மங்குவதும், இண்டிகேட்டர் போட்ட பக்கம் அணைவதும் பல மாடல்களில் அமைப்பே அப்படித்தான். பழுது என்று செலவு செய்ய வேண்டாம். ஓடும்போது ஹசார்டு (எல்லா இண்டிகேட்டர்களும் ஒன்றாக மின்னுவது) போடுவது இதற்கு மாற்றல்ல. திரும்பும்போது எந்தப் பக்கம் என்று காட்ட முடியாமல் போகும்.

சோதிப்பது எளிது. அந்தி நேரத்தில் இன்ஜினை ஓடவிட்டு, சுவிட்சை ஆஃபில் வைத்து, டெயில் லைட் எரிகிறதா என்று ஒருவரைக் காருக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் டிஆர்எல் அணைந்திருக்கும், குழம்ப வேண்டாம்.

கனடாவில் 2021 செப்டம்பர் முதல் தயாராகும் வாகனங்களில், டிஆர்எல்லோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்குகளும் தானே எரிய வேண்டும், அல்லது விளக்கு போடும்வரை மீட்டர் இருட்டாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் முதல் வழியை நம் நாட்டிலும் மத்திய போக்குவரத்து அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை டிரைவிங் ஸ்கூல்களில் பின்விளக்குச் சோதனையையும் ஒரு பாடமாகச் சொல்லித்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீசியன், ஈரோடு