செயலாளரின் ஆண்டறிக்கை 2024: வல்லூறும் நம் கடற்கரையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவையும் உறுப்பினர் விவரத்தையும் பொருளாளர் தனியாக வாசிக்கப்போகிறார். ஆகவே நான் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆண்டின் முதல் சில மாதங்கள் வழக்கம்போல ஓடின. மாதம் ஒரு ஞாயிறு காலை சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரையில் கூடிக் குப்பை பொறுக்கினோம். ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எண்ணெய்க் கப்பல்மீது ஒரு தூர்வாரும் கப்பல் மோதி, சுமார் 400 டன் எரிபொருள் கடலில் கலந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செந்தோசா, லேப்ரடார், செயின்ட் ஜான்ஸ் தீவு, நம் ஈஸ்ட் கோஸ்ட் என்று நீரோட்டம் தள்ளிய இடமெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. கடற்கரை மூடப்பட்டது, நம் துப்புரவுப் பணியும் நின்றது. எண்ணெயை அள்ளுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை என்பதால் உறுப்பினர்கள் யாரும் தாமாக இறங்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. அதை எல்லாரும் மதித்தீர்கள், நன்றி.

கடற்கரை திறந்த பிறகு நடந்த செயற்குழுக் கூட்டத்தில்தான் இந்த அறிக்கையின் முக்கிய விஷயம் எழுந்தது. நம் இளைஞர் அணித் தம்பி ஒருவர் ஒரு யோசனை சொன்னார். அமெரிக்காவில் வல்லூறு என்ற வேட்டைப் பறவையைப் பழக்கிப் பறக்கவிட்டு, எச்சமிடும் பறவைகளை விலக்கிக் கடற்கரை நீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்களாம். பார்பிகியூ திடல்களில் காக்கையும் மைனாவும் புறாவும் போடும் எச்சத்தைப் பார்த்து நாம் அலுத்துப்போயிருக்கிறோமே, இங்கேயும் அதைச் செய்யச் சொல்லித் தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஒரு மனு கொடுத்தால் என்ன என்றார். கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. விஷம் இல்லை, துப்பாக்கி இல்லை, பறவையை வைத்தே பறவையை விலக்குவது. சரி, முறையாகப் படித்துப் பார்ப்போம் என்று ஒரு சிறு குழு அமைத்தோம். அந்தக் குழு கண்டறிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், மனு கொடுப்பதா வேண்டாமா என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் சான் கிளமெண்டே ஊரை ஒட்டிப் போச்சி என்றொரு சிறிய கடற்கரை இருக்கிறது. மேட்டிலிருந்து வரும் ஓடை அங்கே மணலில் குட்டையாகத் தேங்கிப் பிறகு கடலில் சேர்கிறது. நீர் அசுத்தமாக இருந்ததால், ஓடை நீரில் புற ஊதா ஒளி பாய்ச்சிக் கிருமி நீக்க ஒரு நிலையமே கட்டினார்கள். ஆனாலும் பலன் கிடைக்கவில்லை. சுத்தமாகி வெளியே வந்த நீர் குட்டையில் விழுந்ததுமே, குடிக்கவும் குளிக்கவும் கூட்டமாக இறங்கிய கடற்காகங்கள் என்ற கடற்பறவைகள் அதில் எச்சமிட்டன. கடலில் கலக்கும்போது அது மறுபடியும் அசுத்த நீர்தான். கடற்கரைகளுக்கு ஆண்டுதோறும் தரம் போடும் ‘ஹீல் தி பே’ அமைப்பின் மோசமான கடற்கரைகள் பட்டியலில் போச்சி பலமுறை வந்திருக்கிறது. அப்புறம்தான் வல்லூறு பழக்குநரை அழைத்தார்கள்.

அவர் பறவையை வேட்டைக்கு விடுவதில்லை. அது வானத்தில் வட்டமிட்டாலே போதும், ‘இந்த இடம் ஆபத்து’ என்று கடற்காகங்கள் வேறு இடம் தேடிப் போய்விடும். பிளாஸ்டிக் பருந்து, வெடிச் சத்தம் எல்லாம் சில நாட்களில் பழகிப்போகும். உயிருள்ள பருந்தை அவை அப்படிப் பழகிக்கொள்வதில்லை. ஆனால் பழக்குநர் தொடர்ந்து வர வேண்டும், நிறுத்தினால் கூட்டம் திரும்பிவிடும். மிச்சிகன் ஏரிக்கரையில் இதே வேலைக்கு வல்லூறுக்குப் பதில் பழக்கிய நாய்களை விட்டார்கள். கடற்காகங்கள் விலகியதும் நீரில் இருந்த மலக் கிருமிகளின் அளவு வெகுவாகக் குறைந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

குழு உறுப்பினர்கள் மண்டாய் ‘பர்ட் பேரடைஸ்’ பூங்காவுக்கும் போய், அங்கே நடக்கும் வேட்டைப் பறவைகள் காட்சியைப் பார்த்துவந்தார்கள். ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டபின் பறவைகள் இடம் மாறியது இங்கேதான். நானும் போயிருந்தேன். எங்கள் தலைக்குச் சற்று மேலே ஒரு பருந்து சிறகை அசைக்காமல் வழுக்கிக்கொண்டு வந்து, கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டித் தோல் கையுறையில் அமர்ந்தது. அமர்ந்ததும் அதன் பார்வை முழுவதும் விரல்களுக்கிடையே இருந்த இறைச்சித் துண்டின்மேல்தான். வேட்டைப் பறவை பழக்கும் இந்தக் கலையில் பறவையை நாள்தோறும் எடைபோடுவார்கள். வயிறு நிறைந்திருந்தால் கூப்பிட்டாலும் வராது, எடை அதிகமாகக் குறைந்தால் உடம்பு கெடும். ஒரு பறவைக்குப் பின்னால் ஒரு மனிதரின் முழுநேர உழைப்பு இருக்கிறது என்பது அங்கே எல்லாருக்கும் புரிந்தது. இந்தக் கலையை 2010இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததில் வியப்பில்லை.

இனி நம் ஊர். சிங்கப்பூர்க் கரைகளில் கடற்காகங்கள் மிக அரிது. எப்போதாவது வழிதவறி வரும் ஒன்றிரண்டைப் பார்த்தால் பறவை ஆர்வலர்கள் கேமராவோடு ஓடுவார்கள். மிதவைகளில் அமரும் ஆலா என்ற கடற்பறவைகள் நம் குப்பையைக் கிளறுவதில்லை. ஆக, போச்சியில் குற்றவாளியாக இருந்த பறவையே இங்கே இல்லை.

நம் நீர் எப்படி இருக்கிறது என்பதும் மறைவான விஷயம் இல்லை. செந்தோசா, சிலேத்தார் தீவு, செம்பவாங், சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், பொங்கோல் கடற்கரைகளின் நீரைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தொடர்ந்து சோதிக்கிறது. என்டரோகாக்கஸ் என்ற குடல் கிருமிதான் அளவுகோல். எடுக்கும் மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் அது 100 மில்லிலிட்டருக்கு 200க்கு மேல் போகக் கூடாது. 2008இல் பாசிர் ரிஸ் கடற்கரை இந்தச் சோதனையில் தேறாமல், நீந்த வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை பழைய கழிவுநீர்க் குழாய்களின் கசிவும், அக்கம்பக்கத்துச் சிறு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புகளும். அங்கே எத்தனை வல்லூறு பறந்திருந்தாலும் நீர் மாறியிருக்காது.

நீரில் இருப்பது யாருடைய அசுத்தம் என்று இப்போது மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்க முடிகிறது. மனிதக் குடலில் வாழும் கிருமிக்கு ஓர் அடையாளம், கடற்காகத்தின் குடலில் வாழும் கிருமிக்கு வேறோர் அடையாளம். நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதுபோல, அந்தச் சோதனை இல்லாமல் பறவையைக் கொண்டுவருவது முறையாகாது என்று குழு கருதியது. நானும் அதையே கருதுகிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. வேட்டைப் பறவைக்கு மைனா எது, உள்ளான் எது என்று பேதம் தெரியாது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியப் பக்கமிருந்து வரும் கரையோரப் பறவைகள் களைத்து இறங்கும் கடற்கரைகள் இவை. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் செம்பருந்தும் ஏற்கெனவே நம் வானத்தில் இருக்கின்றன. அந்தச் செம்பருந்தையே காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து துரத்துவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆகவே மனு கொடுப்பதில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. யோசனை சொன்ன தம்பியும் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். அவர் கேட்டிராவிட்டால் இத்தனையும் நாம் படித்திருக்கமாட்டோம்.

பறவைகள் ஏன் கூடுகின்றன என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு விடை தேடத் தொலைவு போக வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு விடியற்காலையில் பார்பிகியூ திடல் ஒன்றின் பக்கத்துக் குப்பைத்தொட்டியைப் பார்த்தோம். மூடி மூடவே முடியாதபடி பைகள் பிதுங்கி நின்றன. ஒரு காக்கை ஒரு பையின் முடிச்சை விட்டுவிட்டு அதன் வயிற்றுப் பகுதியைக் கொத்திக் கிழித்து, சாத்தே குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டது. குச்சியில் ஒட்டிய இறைச்சிக்கு மைனாக்கள், சிந்திய பீஹூன் நூடுல்ஸுக்குப் புறாக்கள். பந்தி முடிந்ததும் அத்தனை எச்சமும் அதே சிமெண்டுத் தரையில். அடுத்த மழையில் அது வடிகாலுக்குப் போகும். நம் ஊரில் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். அந்தத் திடலின் வடிகால் நீர் நேரே கடலுக்குத்தான் போகிறது.

ஆகவே ஆண்டின் கடைசி மாதங்களில் காலைத் துப்புரவோடு சனிக்கிழமை இரவுப் பணியையும் சேர்த்துக்கொண்டோம். விருந்து முடித்துக் கிளம்பும் குடும்பங்களிடம் கனமான பை ஒன்றைக் கொடுத்து, இறுக்கிக் கட்டி, மூடும் தொட்டியில் போடச் சொல்கிறோம். பெரும்பாலோர் சிரித்த முகத்தோடு செய்கிறார்கள். புறாவுக்கு ரொட்டி போடும் முதியவர்களிடம் பேசுவதுதான் கடினம், அவர்களுக்கு அது புண்ணியம். வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு என்று நம் அக்காமார்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டாமல் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி.

மற்றவை சுருக்கமாக. தீபாவளி ஒன்றுகூடல் நன்றாக நடந்தது. சங்கத்தின் சேமிப்பறையில் இருந்த பழைய இடுக்கிகள் மாற்றப்பட்டன. சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கான பறவை அறிமுக வகுப்பைத் தமிழில் நடத்தினோம், அடுத்த ஆண்டும் தொடரும்.

இரண்டு தீர்மானங்களைச் சபையின் முன் வைக்கிறேன். பார்பிகியூ திடல்களில் பறவை திறக்க முடியாத மூடியுள்ள தொட்டிகளை வைக்கக் கோரிப் பூங்காக் கழகத்துக்கு எழுதுவது ஒன்று. சனிக்கிழமை இரவுப் பணியை ஆண்டு முழுவதும் நடத்துவது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆட்கள் போதவில்லை. பெயர் கொடுக்க விரும்புவோருக்கான தாள் வாசல் மேசையில் இருக்கிறது. இரவு பத்து மணிவரை நிற்கக்கூடியவர்கள் முதலில் எழுதவும்.